நிறுத்தி வைக்க முடிகிற சமையல்

எந்தச் சமையல் குறிப்பைக் கையில் எடுத்தாலும், இந்த வேலையை நடுவில் எங்கே நிறுத்திவிட்டுப் போகலாம் என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். முதலாம் ஆண்டில் படிக்கும் மகளும், இன்னும் இரண்டு வயது நிறையாத மகனும் இருக்கும் வீட்டில் ஒரு மணி நேரம் தொடர்ந்து அடுப்படியில் நிற்பது நடவாத காரியம். வெங்காயம் பொன்னிறமாகும் நேரம் பார்த்துச் சின்னவன் தூக்கத்திலிருந்து எழுவான். மாவில் கை வைத்ததும் பெரியவளுக்கு வீட்டுப்பாடத்தில் சந்தேகம் வரும். பிள்ளைகளைக் காக்க வைப்பதைவிடச் சமையலைக் காக்க வைப்பதே நியாயம் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லாச் சமையலும் காத்திருப்பதில்லை. எது காத்திருக்கும், எது காத்திராது, கோலாலம்பூரின் வெப்பத்தில் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அறிந்துகொண்ட பிறகுதான், அலுவலக வேலையோடு வீட்டுச் சாப்பாட்டையும் வீட்டுக் கேக்கையும் விட்டுவிடாமல் இருக்க எங்களால் முடிகிறது.

செந்தூலில் எங்கள் வீட்டு அடுப்படியில் காலை ஐந்து மணிக்கே விளக்கு எரியும். பள்ளி ஏழரை மணிக்குத் தொடங்குவதால், பேருந்து அதற்கு வெகு முன்பே வாசலுக்கு வந்துவிடுகிறது. 1982ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். அதனால் இங்கே பொழுது விடிவது ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான். நம் பிள்ளைகள் இருட்டிலேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். அந்த நேரத்தில் புதிதாக எதையும் தொடங்க இயலாது. முந்திய நாள் தொடங்கியதை முடித்துத் தட்டில் வைக்க மட்டுமே நேரம் இருக்கும்.

அதற்குத் தோசை மாவைப் போல உதவுவது வேறொன்றும் இல்லை. நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்று காலையிலேயே ஊற வைத்துவிட்டால், இரவு பிள்ளைகள் படுத்த பிறகு என் கணவர் அரைத்துவிடுகிறார். உளுந்திலேயே இருக்கும் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் இரவெல்லாம் வேலை செய்து வாயுவை உண்டாக்குகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மாவு பொங்குகிறது. குளிர் நாடுகளில் இருப்பவர்கள் மாவு புளிப்பதற்காக ஓவனின் உள்ளே விளக்கைப் போட்டு வைக்கிறார்கள். நமக்கு அந்தக் கவலையில்லை. ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டுவிடும். நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பிந்திய நேரத்தைத்தான். பொங்கிய மாவை உடனே குளிர்பெட்டிக்குள் வைத்தால் மூன்று, நான்கு நாளுக்குப் புளிப்பு ஏறாமல் இருக்கும். வெளியே விட்டால் மதியத்திற்குள் பிள்ளைகள் முகம் சுளிக்கும் அளவுக்குப் புளித்துவிடும்.

“ஏம்மா, அதுக்குள்ள உள்ள வைக்கிற? இன்னும் கொஞ்சம் புளிக்கட்டுமே,” என்பார் என் மாமியார். தோட்டத்தில் வளர்ந்தவர், தோசை என்றால் நன்றாகப் புளித்திருக்க வேண்டும் அவருக்கு. “பிள்ளைங்க சாப்பிட மாட்டாங்க அத்தை,” என்று சொல்லிவிட்டு, அவருக்காக ஒரு கிண்ணம் மாவை மட்டும் தனியாக வெளியே வைத்துவிடுவேன். ஒரே மாவு இரண்டு வகைத் தோசையாகிவிடும். இரண்டு தரப்புக்கும் திருப்தி.

குழம்பு, பிரட்டல் வகைகளில் நிறுத்தும் இடம் மிகத் தெளிவாக இருக்கிறது. வெங்காயமும் தக்காளியும் வதங்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் அடுப்பை அணைத்துவிட்டுப் போகலாம், திரும்பி வந்து மறுபடியும் மூட்டலாம். சுவையில் ஒரு குறையும் வராது. மசாலாத் தூள் எண்ணெயில் விழுந்த பிறகு அப்படிப் போக முடியாது. மிளகாய்த் தூள் கருகுவதற்குச் சில வினாடிகள் போதும், கருகிய கசப்பை அதன்பின் எதனாலும் மாற்ற முடியாது. ஆகவே தூள் டப்பாவைத் திறப்பதற்கு முன் பிள்ளைகள் இருவரும் என்ன செய்கிறார்கள் என்று ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன். இஞ்சி பூண்டு சேர்த்து வதக்கிய வெங்காயத் தக்காளித் தொக்கை, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து ஃபிரீசரில் வைத்திருப்பதும் இதனால்தான். மாலை வீடு திரும்பியதும் அதைச் சட்டியில் போட்டு, கோழியோ கானாங்கெளுத்தியோ சேர்த்தால் வேலை பாதியாகக் குறைகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சமைத்து, வாரம் முழுமைக்குமான சாப்பாட்டை டப்பா டப்பாவாக அடுக்கும் முறை இப்போது பரவலாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைகள் எங்களோடு முழுதாக இருக்கும் ஒரு நாளை அடுப்புக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

தேங்காய்ப் பாலை மட்டும் காக்க வைக்க முடியாது. பசாரில் துருவும் இயந்திரத்தின் முன் நின்று, கண்ணெதிரே பிழிந்து வாங்கும் பாலின் மணம் பெட்டிப் பாலில் வருவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அது இந்த வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கிவிடும். வார நாள்களின் சொதிக்குப் பெட்டிப் பால், சனிக்கிழமை பசாருக்குப் போய் வந்த கையோடு செய்யும் சமையலுக்குப் பிழிந்த பால் என்று பிரித்துக்கொண்டேன்.

காக்க வைப்பது பற்றிப் பேசும்போது, காக்க வைக்கவே கூடாதவற்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொது விதி. வெப்பம் 32 பாகை செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் பிற்பகல் வெயில் அந்த அளவைச் சாதாரணமாகத் தொடுகிறது. குறிப்பாகச் சோறு. பாசிலஸ் செரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் சோறு கொதித்தாலும் அழிவதில்லை. சோறு வெளியே ஆறிக் கிடக்கும்போது அவை பெருகி நச்சை உண்டாக்குகின்றன. அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரவு மிஞ்சிய சோற்றைக் காலையில் பிள்ளைகளுக்குப் பொரித்துக் கொடுப்பதாக இருந்தால், அதை இரவே அகலத் தட்டில் பரப்பி ஆற்றி, சீக்கிரம் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். இரவு முழுவதும் அடுப்பின் மேல் இருந்த சோறு பிள்ளைகளுக்கு ஆகாது என்பதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

இனி ஓவன் வேலைக்கு வருகிறேன். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ரவை கேக். மலாக்காவின் யூரேசியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கும் திருமணங்களுக்கும் செய்யும் சூஜி கேக்தான் இது. நம் வீடுகளுக்கும் வந்து நெடுநாளாகிறது. இதன் சிறப்பே, ரவையை வெண்ணெயில் பல மணி நேரம் ஊற வைத்தாக வேண்டும் என்பதில் இருக்கிறது. ஊறாத ரவை வெந்த பிறகும் பல்லில் மணலாக நெருடும். மற்றக் குறிப்புகளில் தாமதம் கேட்டை உண்டாக்கும். இங்கே தாமதம்தான் பக்குவம். 250 கிராம் வெண்ணெயைக் குழைத்து, 200 கிராம் ரவையைக் கலந்து மூடி, இரவு குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன். மறுநாள் எடுத்து வெளியே வைத்தால் முக்கால் மணி நேரத்தில் கரண்டிக்கு இளகிவிடும். அதன் பிறகு ஐந்து முட்டைகளையும் 180 கிராம் சீனியையும் வெளுத்துக் கெட்டியாகும் வரை அடித்து, ஊறிய ரவையையும், 100 கிராம் மைதா மாவையும், 80 கிராம் பொடித்த பாதாமையும், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரையும் சேர்த்து மெதுவாகக் கலந்து, 20 செண்டிமீட்டர் தட்டில் ஊற்றி, 160 பாகையில் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் வேக வைக்க வேண்டும். முட்டையை அடிக்கத் தொடங்கியதிலிருந்து தட்டு ஓவனுக்குள் போகும் வரையிலான இருபது நிமிடம் மட்டுமே யாராவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு நன்மையும் உண்டு: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கொட்டைப் பருப்புகள் தொண்டையில் சிக்கும் ஆபத்து இருப்பதால் கொடுக்கக் கூடாது, இதில் பாதாம் பொடியாகவே போவதால் சின்னவனும் சாப்பிடலாம்.

இதற்கு நேர்மாறானவை முட்டை நுரையை மட்டுமே நம்பி எழும்பும் ஸ்பாஞ்ச் கேக்கும் பஹுலுவும். அடித்த முட்டையில் பிடிபட்ட காற்று நிமிடத்துக்கு நிமிடம் வெளியேறிக்கொண்டே இருக்கும். பேக்கிங் பவுடர் கலந்த மாவும் அப்படித்தான், ஈரம் பட்டதுமே அது வேலையைத் தொடங்கிவிடுகிறது. என் கணவர் பிள்ளைகளைத் தாமான் விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப்போகும் மாலைகளில் மட்டுமே இவற்றைச் செய்கிறேன்.

வெண்ணெயையும் சீனியையும் அடித்துச் செய்யும் பட்டர் கேக்கில் நம் ஊர் வெப்பம் தனியாக ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. சீனியின் கூரிய மணிகள் வெண்ணெயில் காற்றைப் புகுத்துவதால்தான் கேக் மென்மையாகிறது. வெண்ணெய் 18 முதல் 20 பாகைக்குள் இருக்கும்போதுதான் அந்தக் காற்றைத் தாங்கி நிற்கும். வெளிநாட்டுக் குறிப்புகள் வெண்ணெயை ஒரு மணி நேரம் வெளியே வைக்கச் சொல்வது அவர்கள் வீட்டு வெப்பத்தைக் கணக்கில் வைத்துத்தான். 30 பாகைக்கு மேல் போகும் நம் அடுப்படியில் அதே ஒரு மணி நேரத்தில் அது எண்ணெயாகப் பளபளக்கத் தொடங்கிவிடும். சிறு துண்டுகளாக நறுக்கிப் பத்து நிமிடம் வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் பிசுபிசுப்பு ஒட்டக் கூடாது. நடுவே பிள்ளை கூப்பிட்டால் பாத்திரத்தை அப்படியே குளிர்பெட்டிக்குள் தள்ளிவிட்டுப் போக வேண்டும்.

ரொட்டி மாவு இதைவிடப் பொறுமையானது. 500 கிராம் ரொட்டி மாவு, 320 மில்லிலிட்டர் குளிர்ந்த பால், 50 கிராம் சீனி, 50 கிராம் வெண்ணெய், 8 கிராம் உப்பு, 4 கிராம் உலர் ஈஸ்ட். வெள்ளிக்கிழமை இரவு பிசைந்து குளிர்பெட்டியில் வைத்தால் ஈஸ்ட் மெல்ல மெல்ல வேலை செய்து காலையில் மாவு இரட்டிப்பாகி நிற்கும். உள்ளே நெத்திலிச் சம்பால் வைத்து உருட்டி, மறுபடி உப்ப விட்டு, 180 பாகையில் இருபது நிமிடம் வேக வைத்தால் சனிக்கிழமை காலைப் பசியாறுதல் முடிந்தது. பள்ளி நாள்களின் காலையில் இதை முயல்வதில் பயனில்லை, உருட்டிய பிறகு உப்புவதற்கு மட்டுமே ஒரு மணி நேரம் வேண்டும்.

பிள்ளைகளும் கை வைக்க வேண்டும் என்றால் நான் எடுப்பது நெய்யில் செய்யும் சூஜி பிஸ்கட்டைத்தான். 200 கிராம் நெய், 360 கிராம் மைதா, 145 கிராம் ஐசிங் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான்; பெயரில் சூஜி இருந்தாலும் இதில் ரவை சேர்ப்பதில்லை. மைதாவின் புரதம் தண்ணீர் சேர்ந்தால்தான் இழுவையான பசையாக மாறும். வெண்ணெயில் ஏறத்தாழ 16 விழுக்காடு தண்ணீர் இருக்கிறது, நெய்யிலோ அது அநேகமாக இல்லை. ஆகவே என் மகள் அதே உருண்டையைத் திரும்பத் திரும்ப உருட்டி, தட்டி, மறுபடியும் உருட்டினாலும் பிஸ்கட் கடினமாவதில்லை. அவள் உருட்டுவது கோலிக்குண்டு அளவில் இருக்கும், சின்னவன் நசுக்கித் தருவது என்ன வடிவம் என்று சொல்ல முடியாது. அளவு மாறினால் வேகும் நேரமும் மாறும் என்பதால், சின்னவனின் தட்டையான பிஸ்கட்டுகளைத் தனித் தட்டில் வைத்து முன்கூட்டியே எடுத்துவிடுகிறேன். முட்டை இல்லையே என்று பச்சை மாவைத் தின்ன விடுவதில்லை. வேகாத மைதாவிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கக்கூடும். அவர்கள் சலித்துப் போய் எழுந்து ஓடினால் மாவை மூடி வைத்துவிடலாம்; மாலையில் மீண்டும் தொடங்கினாலும் ஒன்றும் ஆகாது. நெய் இறுகியிருந்தால் உள்ளங்கைச் சூட்டிலேயே இளகும்.

155 பாகையில் இருபது நிமிடம் போதும். அடிப்பக்கம் லேசாக நிறம் மாறலாம், மேற்புறம் வெள்ளையாகவே இருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது தொட்டால் உதிர்ந்துவிடுமாதலால் தட்டிலேயே ஆற விட வேண்டும். முழுதும் ஆறிய பிறகுதான் சிவப்பு மூடிப் போத்தலில் அடுக்க வேண்டும், இளஞ்சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து நமத்துப் போகும். பண்டிகைக்கு முன்பே செய்து வைப்பதாக இருந்தால், மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, பெரியவளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுவது நல்லது.