பார்க்லியை இரண்டாவதாக எடுத்திருக்க வேண்டுமா?

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் ஆடும் நியூயார்க் ஜயன்ட்ஸின் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2018-இல் இரண்டாவது இடத்தைப் பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லிக்குக் கொடுத்தது சரியா? தவறு என்பதுதான் என் கட்சி. அவர் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தால்தான் இதைச் சொல்கிறேன்.

முதல் சீசனிலேயே ஓட்டமும் கேட்சும் சேர்த்து 2,028 யார்டு எடுத்தார். அந்த ஆண்டின் சிறந்த ஆஃபென்ஸ் (தாக்கி ஆடும் பிரிவு) புதுமுகம் என்ற விருதும் வந்தது. ஆனால் ஜயன்ட்ஸ் ஜெயித்தது ஐந்தே ஆட்டம், தோற்றது பதினொன்று. பந்து கைக்கு வந்த மறுநொடியே இரண்டு பேர் மேலே விழுந்தால் எவரால் ஓட முடியும்? 2020-இல் இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்தது. ஆறு சீசன் இருந்தும் அவர் அங்கே பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றைப் பார்த்தது ஒரே தடவை, 2022-இல்.

முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்குத்தான் டிராஃப்டில் முன்னிடம் கிடைக்கும். அப்படிப்பட்ட அணியில், எதிரணியைத் தடுத்து நிறுத்தும் ஐந்து பேர் வரிசையான ஆஃபென்சிவ் லைனும் பெரும்பாலும் பலவீனமாகவே இருக்கும். ரன்னிங் பேக்குக்கோ அந்த ஐந்து பேர் வழி திறந்துவிட வேண்டும். சுவர் எழும்பாத வீட்டுக்குக் கூரை வாங்குவது மாதிரிதான் இது. அதே 2018-இல் ஆறாவது இடத்தில் கோல்ட்ஸ் எடுத்த குவென்டன் நெல்சன் அந்த லைனில் கார்டு இடத்தில் ஆடுபவர்; முதல் மூன்று சீசனும் லீகின் சிறந்தவர்கள் பட்டியலான ஆல்-ப்ரோவில் இருந்தார். ஏழாவது இடத்தில் பில்ஸ் எடுத்தது, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனை. இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சம்பளக் கணக்கும் உதைக்கிறது. லீகும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு, புதுமுகத்தின் சம்பளத்தை அவர் எந்த இடத்தில் எடுக்கப்பட்டார் என்பதே முடிவு செய்கிறது. ஆடும் பொசிஷன் அல்ல. பார்க்லிக்கு நான்கு வருடத்துக்குச் சுமார் 3.1 கோடி டாலர். ஒரு ஆட்டம்கூட ஆடாமலே ரன்னிங் பேக்குகளில் அதிகச் சம்பளக்காரர்களில் ஒருவர் ஆகிவிட்டார். அதே பணத்துக்கு ஒரு குவார்ட்டர்பேக் தேறியிருந்தால் அணிக்கு அடித்தது யோகம். அந்த வருடம் வைக்கிங்ஸ் குவார்ட்டர்பேக் கிர்க் கசின்ஸுக்கு வருடத்துக்கே 2.8 கோடி டாலர் கொடுத்தது.

ஆட்டக்காரருக்கும் இதில் நஷ்டம்தான். கால் நன்றாக இருக்கும் வருடங்களை முதல் ஒப்பந்தமே தின்றுவிடுகிறது. ராம்ஸ் 2015-இல் பத்தாவதாக எடுத்த ரன்னிங் பேக் டாட் கர்லிக்கு 2018-இல் 5.75 கோடி டாலருக்குப் புது ஒப்பந்தம் கிடைத்தது. 2020 மார்ச்சில் அவரை விடுவித்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 25.

லயன்ஸ் 2023-இல் ரன்னிங் பேக் ஜாமிர் கிப்ஸைப் பன்னிரண்டாவதாக எடுத்ததே என்று கேட்பீர்கள். சரி, அது நல்ல முடிவுதான். ஆனால் டெய்லர் டெக்கர், ஃபிராங்க் ராக்னோ, பெனெய் சூவெல் என்று லைன் அங்கே முன்பே தயாராக இருந்தது. அவர்கள் கையில் இருந்த முன்னிடமும், குவார்ட்டர்பேக் ஸ்டாஃபோர்டை ராம்ஸுக்குக் கொடுத்ததால் வந்த ஆறாவது இடம். அதை அரிசோனாவுக்கு மாற்றிவிட்டுத்தான் பன்னிரண்டுக்கு இறங்கினார்கள். தோற்றுத் துவண்ட அணியின் கதை அல்ல அது.

அப்புறம் 2024. பார்க்லி ஈகிள்ஸுக்குப் போனார், அதுவும் எங்கள் பரம வைரியிடம்! லைனில் லேன் ஜான்சனும் ஜோர்டன் மைலாட்டாவும் முன்னால் நிற்க, அதே கால்கள் 2,005 யார்டு ஓடின. கையில் லீகின் சாம்பியன் பட்டமான சூப்பர் பவுலும் வந்தது. எதிரணிச் சட்டையில்தான் என்றாலும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

2024-இல் நான்கே ஆட்டம் ஜெயித்த ரெய்டர்ஸ், அடுத்த டிராஃப்டில் ஆறாவது இடத்தில் ஆஷ்டன் ஜென்டியை எடுத்தது. கல்லூரியில் ஒரே சீசனில் 2,601 யார்டு ஓடிய பையன். நானாக இருந்தால் முதல் சுற்றில் லைனின் ஓரத்தில் நிற்கும் ஒரு டேக்கிளை எடுத்திருப்பேன். ரன்னிங் பேக்குகளில் நிக் சப் எடுக்கப்பட்டது 35-வது இடத்தில், டெரிக் ஹென்றி 45-வது இடத்தில். இரண்டாவது சுற்று வரை காத்திருந்தாலும் இப்படிப்பட்டவர்கள் கிடைக்கிறார்களே!