கொடியேற்றத்துக்கு ஜப்பான் சாரும் வரணுமா?

ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டும் ஆலைகளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை. தமிழ்நாட்டில் இதற்கென்றே 1958-ல் போட்ட சட்டம் இருக்கிறது. மே தினமும் காந்தி ஜெயந்தியும் அந்தக் கணக்கில்தான் வரும். ஆனாலும் எந்த ஆலையிலும் அன்றைக்குக் காலையில் கேட் சாத்தியிருக்காது. கொடி ஏற்ற வேண்டும், மிட்டாய் கொடுக்க வேண்டும், பெரிய அதிகாரி பேச வேண்டும். இத்தனை ஏற்பாடும் பெர்சனல் டிபார்ட்மென்ட் தலையில் விழும். இப்போது எச்.ஆர். என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள், வேலை அதேதான். கப்பலூர்ப் பக்கம் ஒரு ரப்பர் உதிரிபாக ஆலையில் அந்த வேலையைப் பல வருஷம் பார்த்தவன் நான்.

எங்கள் ஆலைக்கு ஒரு ஜப்பானியப் பொறியாளர் வந்து சேர்ந்தார். மோல்டிங் பிரஸ்ஸில் கழிவு அதிகமாகிறது, அதைக் குறைக்க வேண்டும் என்று வரவழைத்த ஆள். இரண்டு வருஷ ஒப்பந்தம். ஆலையில் எல்லோருக்கும் அவர் ஜப்பான் சார். அவருடைய வேலை விசா, போலீஸ் பதிவு, திருநகரில் வாடகை வீடு, கேஸ் சிலிண்டர் வரைக்கும் என் மேசை வழியாகத்தான் போகும். அதனால் அவர் வந்த வருஷம் சுதந்திர தினத்துக்கு அவரை என்ன செய்வது என்ற கேள்வியும் என்னிடமே வந்தது.

உண்மையில் அது கேள்வியாக வரவில்லை. முடிவாகத்தான் வந்தது. பிளான்ட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை ஜப்பான் சார்தான் கொடியேத்துறாரு. ஏத்தி முடிச்சதும் உறுதிமொழியையும் அவரே வாசிக்கட்டும். தமிழ்ல எழுதிக் கொடுத்தா இங்கிலீஷ் எழுத்துல போட்டுப் படிச்சிடுவாரு. போட்டோகிராபருக்குச் சொல்லிடுங்க, பேப்பர்ல வரும்" என்றார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. நம் நாட்டின் மேல் ஒரு வெளிநாட்டுக்காரருக்கு இவ்வளவு பிரியம் என்று நாலு பேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பிரியம் அவருக்கு இருக்கிறதா என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

கொடி கட்டுவது எங்கள் செக்யூரிட்டியின் வேலை. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், கள்ளிக்குடிக்காரர். முந்தின நாள் சாயங்காலம் கதர்க்கொடியை மேசையில் விரித்துத் தேய்ப்பார். மாட்டுத்தாவணியிலிருந்து வந்த ரோஜா இதழை ஒரு கை அள்ளி நடுவில் வைப்பார். காவியையும் பச்சையையும் அதன் மேல் மடித்துச் சுருட்டி, கயிற்றில் உருவாஞ்சுருக்குப் போடுவார். ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். சுருக்கு இறுகிப்போனால் பெரிய அதிகாரி அண்ணாந்து பார்த்தபடி கயிற்றை ஆட்டிக்கொண்டிருக்க, கூட்டம் சிரிப்பை அடக்கப் பாடுபடும். வருஷா வருஷம் அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. "சார், ஜனவரிக்குத்தான் மேல கட்டி வச்சு அவுக்கணும். ஆகஸ்ட்டுக்குக் கீழேயிருந்து ஏத்தணும். இவங்க பூ கொட்டணும்னு ரெண்டுக்கும் ஒண்ணாப் பண்ணச் சொல்றாங்க." அவர் சொல்வதுதான் சரி. பூவுக்கு முன்னால் முறை எங்கே நிற்கிறது?

அன்றைக்குச் சாயங்காலம் ஜப்பான் சார் பக்கத்தில் நின்று அந்தச் சுருக்கை நாலைந்து தடவை போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். நான் மேனேஜரின் திட்டத்தைச் சொன்னேன். சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம் டோக்கியோவில் பள்ளி ஆசிரியையாக இருந்த தன் அத்தையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

ஜப்பானில் வெள்ளையில் சிவப்பு வட்டம் போட்ட 'ஹினோமாரு' கொடியும் 'கிமிகாயோ' என்ற தேசியப் பாட்டும் சட்டப்படி தேசியச் சின்னங்களானது 1999-ல்தான். 2003-ல் டோக்கியோ கல்வி வாரியம், பள்ளி விழாக்களில் ஆசிரியர்கள் கொடியைப் பார்த்து எழுந்து நின்று பாட வேண்டும் என்று உத்தரவு போட்டது. உலகப்போர்க் காலத்து ஞாபகம் உள்ளவர்களில் பலருக்கு அந்தப் பாட்டு சாதாரணப் பாட்டு இல்லை. உட்கார்ந்தே இருந்த ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில் தண்டிக்கப்பட்டார்கள், சம்பளமும் பிடித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், எழுந்து நிற்கச் சொன்னது அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்று 2011-ல் தீர்ப்பானது. அத்தை எழுந்து நின்றவர்தான், உட்காரவில்லை. ஆனால் கடைசி வரை வாயைத் திறந்ததில்லையாம்.

"நாளைக்கு நான் வந்து நிற்பேன். சந்தோஷமாகவே நிற்பேன். கொடியை உங்கள் ஆட்களில் ஒருவர் ஏற்றட்டும். அந்த உறுதிமொழி மட்டும் வேண்டாம்" என்றார். கொஞ்சம் தயங்கி, "இதனால் ஒப்பந்தத்துக்கு ஏதாவது..." என்று இழுத்தார்.

எனக்கு உறைத்தது அந்த இழுப்புதான். கேட்கிறவர் சம்பளம் கொடுக்கிற இடத்தில் இருக்கிறார். விசா அந்தக் கம்பெனியின் பேரில் இருக்கிறது. வேலை போனால் விசாவும் போகும். அப்படிப்பட்ட ஆளிடம் 'விருப்பம் இருந்தால் செய்யுங்கள்' என்று சொன்னால், அதில் 'விருப்பம் இருந்தால்' என்ற பாதி அவர் காதில் ஏறவே ஏறாது. வெளிநாட்டில் இருப்பவர் அந்த நாட்டுக் கொடிக்கும் பாட்டுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று விவாதிக்கிறவர்கள் எல்லோரும் அந்த ஆளின் கடமையைப் பற்றியே பேசுகிறார்கள். அவரைக் கூப்பிடுகிறவரின் கடமையைப் பற்றிப் பேச ஆள் இல்லை. எவ்வளவு கேட்கலாம், எங்கே நிறுத்தலாம் என்பதை மறுக்க முடிகிறவர் தீர்மானிக்க வேண்டும். இங்கே பயமில்லாமல் 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிறவர்கள், கூப்பிடுகிற நாங்கள்தான்.

கொடி ஏற்றும்போது எழுந்து நிற்பதும், பாட்டு முடியும்வரை பேசாமல் இருப்பதும் மரியாதை. அதை யாரிடமும் எதிர்பார்க்கலாம். அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. 'நாங்கள் இந்த நாட்டின் குடிமக்கள், இன்னின்னது செய்வோம்' என்று வாயால் சொல்வது வேறு. குடிமகன் இல்லாதவர் அதைச் சொன்னால் அது பொய். பொய் சொல்ல வைத்துப் படம் எடுப்பதில் நமக்கு என்ன பெருமை? கல்யாண வீட்டுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் அட்சதை போடலாம்; மூன்றாவது முடிச்சை நாத்தனார்தான் போட வேண்டும்.

பின்னாட்களில் சட்டத்தைத் துழாவிப் பார்த்தேன். ஆபீஸில் எது சொன்னாலும் 'எங்கே போட்டிருக்கு?' என்று கேட்பார்களே. தேசியக் கொடியையும் கீதத்தையும் மதிப்பதை அடிப்படைக் கடமையாகச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு இந்தியக் குடிமக்களைப் பார்த்துத்தான் பேசுகிறது. 1971-ம் வருஷத்து தேசியச் சின்னங்கள் அவமதிப்புத் தடுப்புச் சட்டம், பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவரையும் பாடும் கூட்டத்தைக் குலைப்பவரையும் தண்டிக்கிறது, பாடாதவரைத் தண்டிக்கவில்லை. கேரளத்தில் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் எழுந்து நின்றார்கள், பாடவில்லை. அதற்காகப் பள்ளியை விட்டு நீக்கினார்கள். அது தவறு என்று உச்ச நீதிமன்றம் 1986-ல் சொன்னது. அவர்கள் இந்தியப் பிள்ளைகள். சொந்தப் பிள்ளைக்கே அந்த இடம் உண்டென்றால், ஒப்பந்தத்தில் வந்தவருக்கு இல்லாமல் போகுமா? அமெரிக்கக் கொடிச் சட்டம் இன்னும் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது: கொடி ஏறும்போது அந்நாட்டவர் நெஞ்சில் கை வைக்க வேண்டும், பிற நாட்டுக் குடிமக்கள் நேராக நின்றால் போதும். எழுதியவர் யாரோ, விவரமான ஆள்.

மேனேஜரிடம் இவ்வளவும் பேசவில்லை. அந்த வருஷம் ஓய்வு பெறவிருந்த ட்ரிம்மிங் செக்‌ஷன் அம்மா ஒருவர் கொடியேற்றினால் தொழிலாளர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றேன். படம் வருமா என்று கேட்டார். வரும் என்றேன். சரி என்று விட்டுவிட்டார். ஜப்பான் சார் இரண்டாவது வரிசையில் நின்றார். "குதிகால் ஒட்டி நின்னாரு பாத்தீங்களா சார்? நம்ம பயலுக பாதிப் பேரு ஒருக்காலைச் சாய்ச்சு நிக்கிறான்" என்று செக்யூரிட்டிக்கு ஒரே பூரிப்பு.

எல்லோரும் பூரிக்கவில்லை. "நம்ம ஊர்ல சம்பாதிக்கிறாருல்ல? நம்ம பாட்டைப் பாடுனா என்ன குறைஞ்சு போயிரும்?" என்று கான்டீனில் ஒரு இளவட்டம் கேட்டான். நியாயமான கோபம்தான். அதற்குப் பதில் சொன்னவர் ஸ்டோர்ஸ்காரர். ஷார்ஜாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த உசிலம்பட்டிக்காரர். டிசம்பர் 2 அமீரகத்தின் தேசிய நாள், 1971-ல் எமிரேட்டுகள் ஒன்றுசேர்ந்த நாள். அன்றைக்குக் கம்பெனி பஸ் வருமாம். ஆளுக்கொரு கொடி, கழுத்துக்கு நாலு வண்ணத்தில் ஒரு துண்டு, மத்தியானம் பிரியாணி. "கொடியைக் குடுத்தாங்க, ஆட்டுனோம். மனசாரத்தான் ஆட்டுனேன், இல்லேங்கல. அந்த ஊரு இல்லேன்னா எந்தங்கச்சி கல்யாணம் ஏது? ஆனா பஸ்ஸுல ஏறாதவன் பேரை போர்மேன் குறிச்சு வச்சுக்கிட்டான் பாருங்க, அப்பயே ஆட்டுற கை வலிக்க ஆரம்பிச்சிருச்சு" என்றார். அந்த இளவட்டம் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஒப்பந்தத்துக்குப் போய்வருபவர் கதை இது. வேர்விட்டு உட்கார்ந்துவிடுபவர் கதை வேறு. என் அண்ணன் மகள் குடும்பத்தோடு சிங்கப்பூரில் நிரந்தரவாசம். பையன் பள்ளிக்கூடத்தில் காலையில் அந்த நாட்டுக் கீதமான 'மஜுலா சிங்கபூரா' பாடுகிறான் என்று அண்ணிக்குக் கொஞ்ச நாள் வருத்தம். "பாட்டு கிடக்கட்டும் சித்தப்பா, 18 வயசானா ரெண்டு வருஷம் தேசிய சேவைக்குப் போகணுமே, அம்மா அதை யோசிக்கவே மாட்டேங்குறாங்க" என்றாள் அவள். அவள் சொன்னதுதான் பெரிய விஷயம். பாட்டும் கொடியும் செலவில்லாதவை. இரண்டு வருஷம் சீருடை போடுவது ஒரு வாழ்க்கையையே அந்த மண்ணோடு கட்டிப்போடும். அதற்குத் துணிந்த குடும்பம் உறுதிமொழி எடுப்பதில் பொய்யும் இல்லை, வேஷமும் இல்லை. அந்த நாட்டு உறுதிமொழியை 1966-ல் வரைந்தவரே வெளியிலிருந்து வந்தவர்தான்: யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, மலாயாவில் சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர். அவரை யாரும் வரிசையில் நிறுத்திச் சொல்ல வைக்கவில்லை.

நம் ஊரிலேயே ஒருவர் இருந்தார். அமெரிக்க மதுரை மிஷனுக்கு 1920-களில் வந்த ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான். வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். வெளிநாட்டு மிஷன்காரர்கள் அரசுக்குக் கட்டுப்பட்டு நடப்போம், அரசியலில் கலக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இங்கே வேலை பார்க்க முடியும். அப்படிப் பார்த்தால் அவர் அனுசரித்திருக்க வேண்டிய தேசபக்தி பிரிட்டிஷ் ராஜாவுடையது. அவரோ கதர் உடுத்தினார், காந்தியின் ஆட்களோடு பழகினார். அரசு அவரை 1930-ல் நாட்டை விட்டு அனுப்பியது. திரும்பி வந்தார், 1944-ல் மறுபடியும் அனுப்பியது. அப்புறமும் வந்து, காந்திகிராமம் உருவானபோது அதை நிறுவிய டாக்டர் சௌந்தரத்தோடு நின்றார். அந்நியர் ஒருவர் நம் சடங்கை ஏற்றார் என்று மார்தட்டுகிறவர்கள் அவரைக் காட்டுவது எனக்குத் தெரியும். ஆனால் அவர் உடுத்திய கதரை யாரும் அவர் மேல் போர்த்தவில்லை. போடாதே என்று சொன்னபோதுதான் போட்டார்.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினம். 2011-லிருந்து நடக்கிறது. சுற்றறிக்கை வரும், எல்லோரும் வலது கையை முன்னால் நீட்டி உறுதிமொழி எடுக்க வேண்டும். ஜனநாயகத்தின் மீது பற்றுடைய இந்தியக் குடிமக்களாகிய நாம் என்ற தோரணையில் தொடங்கும். ஒரு வருஷம் நான் விடுப்பில் இருந்தேன். சூப்பர்வைசர் ஆர்வத்தில் ஜப்பான் சாரையும் வரிசையில் நிறுத்திவிட்டார். பாதி நீட்டிய கையோடு அவர், "எனக்கு இங்கே ஓட்டு இருக்கிறதா?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டாராம். "இல்ல சார், ஆனா கையை நீட்டுங்க" என்று பதில். வாக்குரிமையே இல்லாத ஒருவரைத் தவறாமல் வாக்களிப்பேன் என்று சொல்ல வைத்த பெருமை எங்கள் ஆலைக்கு உண்டு.

நான் ஓய்வு பெற்ற பிறகு, என் இடத்துக்கு வந்த தம்பி போன ஆகஸ்ட்டில் போன் செய்தார். கொரியாவிலிருந்து ஒருவர் வந்திருக்கிறாராம். மத நம்பிக்கை காரணமாகக் கொடி முன்னால் நிற்கவே முடியாது என்கிறாராம். நான் எதிர்பார்க்கலாம் என்று நினைத்திருந்த அந்த மரியாதைக்கே அவர் மாட்டேன் என்கிறார். யோசிக்க வேண்டியதாகத்தான் இருந்தது.

"நீங்க வேற சார், மேனேஜர் எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கச் சொல்றாரு. நான் என்ன பண்றது?"

"ஆகஸ்ட் 15 என்ன நாள் தம்பி?"

"சுதந்திர தினம்."

"நம்ம ரெக்கார்டுல?"

கொஞ்ச நேரம் கழித்து, "லீவு நாள்" என்றார்.

"லீவு நாள்ல வராதவனுக்கு விளக்கம் கேட்க முடியுமா? எட்டரைக்குக் கொடியேற்றம், ஒன்பதுக்கு டிபன், விருப்பமுள்ளவங்க வரலாம்னு போர்டுல போடுங்க. அவர் வீட்டுல இருக்கட்டும், இல்ல ஒன்பதுக்கு டிபனுக்கு வரட்டும். கையெழுத்து ரிஜிஸ்டரை மட்டும் கேட்டுக்குக் கொண்டு போகாதீங்க."

"ரிஜிஸ்டர் இல்லேன்னா எத்தனை பேருக்குப் பொங்கல் வைக்கிறதுன்னு கான்டீன்காரர் என் உயிரை எடுப்பாரே சார்?"

"பத்துப் பேருக்குக் கூடவே வைக்கச் சொல்லுங்க. மிஞ்சினா செக்யூரிட்டி அண்ணன் வீட்டுக்குக் கொண்டு போவாரு" என்றேன்.