ஆல்டர் குவியும் நேரம்

பெங்களூரு பொம்மனஹள்ளியில் சட்டை தைக்கும் ஏற்றுமதி ஃபேக்டரி ஒன்றில் பதினோரு வருஷம் செக்கராக இருந்தேன். லைன் கடைசியில் என் மேஜை. காலர் கோணியிருந்தாலும் தையல் விட்டிருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். அப்படித் திரும்பிப் போகிற பீஸை ஆல்டர் என்போம்.

லைன் தலைமாட்டில் ஒரு போர்டு. மணிக்கு எத்தனை பீஸ் என்று அதில் எழுதுவார்கள். குறைந்தால் சூப்பர்வைசர் கத்துவார். கத்தினால் எண் ஏறும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த மணி நேரம் என் மேஜையில் ஆல்டர் குவியும். காலரைப் பிரித்து மறுபடி வைக்க, முதலில் வைத்ததைவிட அதிக நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை யாரும் போர்டில் எழுதியதில்லை.

காலர் அட்டாச் பண்ணுகிற அக்கா ஒருவர், தர்மபுரிப் பக்கம். அவர் தைத்ததில் ஸ்டிக்கர் ஒட்டுவது அபூர்வம். ஒரு ஷிப்மெண்ட் சமயம் அவர் காலர்கள் வரிசையாகக் கோணலாக வந்தன.

“என்னக்கா ஆச்சு?”

“பையனுக்குக் காய்ச்சல்டீ. லீவு கேட்டேன், ஷிப்மெண்ட் போகட்டும்னுட்டாரு.”

மதியம் ஆகியும் அவர் பாட்டிலில் தண்ணீர் குறையவே இல்லை. குடித்தால் பாத்ரூம் போகணும், போனால் தைக்க வேண்டிய துணிக்கட்டு, அதாவது பண்டில், தேங்கும், திட்டு விழும். எங்களில் பாதிப் பேர் அப்படித்தான் நாக்கு வறண்டு தைத்தோம். சாயங்காலம் தலைவலி, கண் எரிச்சல். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் நேர்கோட்டில் தைக்கணும்.

மறுநாள் அவர் ஊசி உடைந்தது. துணிக்குள் துண்டு சிக்கிவிடக் கூடாது என்பதால், உடைந்த துண்டுகளை எல்லாம் சேர்த்து ரிஜிஸ்டரில் ஒட்டினால்தான் புது ஊசி தருவார்கள். அரிசிக் குருணை அளவு முனை ஒன்றைக் காணோம். தலைக்கு மேலே திட்டு, கீழே மண்டிபோட்டு மேக்னெட்டோடு தேடுகிறார், கை நடுங்குகிறது. நானும் உட்கார்ந்து தேடினேன். முனை காலர் மடிப்பிலேயே இருந்தது. தாமதம் அவர் கணக்கில் ஏறியது.

ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி ஓய்வு, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதியிருந்தது. அரை மணிச் சாப்பாட்டு நேரம் எங்களுக்கும் கிடைத்தது. மீதி நேரம் காதில் விழுந்ததற்குத்தான் கணக்கே இல்லை.

2016 ஏப்ரலில் பி.எஃப். பணத்தில் முதலாளி பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்றதும் ஆயிரக்கணக்கில் ஓசூர் ரோட்டில் இறங்கினோமே, இரண்டாம் நாளே மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. பி.எஃப்.புக்கா இவ்வளவு கோபம் என்று கேட்டார்கள். வருஷக்கணக்காக விழுங்கியதெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஷிப்மெண்ட் போன பிறகு அக்காவுக்கு இரண்டு நாள் லீவு கிடைத்தது. பையனுக்குச் சரியாகித் திரும்பி வந்த அன்று, அவரிடமிருந்து வந்த முதல் இரண்டு பண்டிலிலும் நான் ஸ்டிக்கரை எடுக்கவே இல்லை.