இரும்பை யார் தூக்குறது?

சனிக்கிழமை ராத்திரி பத்து மணி இருக்கும். வால்ஹெய்ம் என்கிற கம்ப்யூட்டர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அப்பத்தா அப்படியே என் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டது. திரையில் என் ஆள் சதுப்பு நிலத்தில் ஒவ்வொரு அடியாக இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தான்.

“ஏண்டா இவன் இப்படி நடக்குறான், கால்ல முள்ளா?”

“சுமை கூடிப்போச்சு அப்பத்தா. இரும்பு.”

“தூக்குனதுக்குக் கூலி குடுக்குறாகளா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொம்பை வாங்கி வைத்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். அப்பத்தா பிறந்தது தேவாரம். கல்யாணத்துக்கு முன்னால் சாக்குலூத்து மெட்டுப் பாதையில் இடுக்கி மலைக்கு நடந்தே தோட்ட வேலைக்குப் போன ஆள். ஏறும்போது வாரத்துக்கான அரிசி தலையில் இருக்கும், இடுப்பில் ஒரு பிள்ளையும் இருக்கும்; அது சித்தி பெண், அழுதுகொண்டே வருமாம். அப்படிப்பட்டவரிடம் சுமையின் அருமையை நான் விளக்க முடியுமா?

நானும் சுமையை வைத்துத்தான் பிழைக்கிறேன். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் எடை போட்டு வரவு எழுதுகிற வேலை. ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். சரியாகக் காயாத காய் ஈரத்தோடு வந்தால் தராசு அதிகம் காட்டும், ஆனால் கையில் அள்ளி உருட்டினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். மூட்டையைத் தராசில் ஏற்றி இறக்குவது வேறு ஆட்கள். நான் எண்ணை எழுதுகிறவன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

வால்ஹெய்ம் 2021 பிப்ரவரியில் வந்த வைக்கிங் ஆட்டம். பத்துப் பேர் வரை ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடலாம். நாங்கள் மூன்று பேர்: நான், கோயம்புத்தூரில் படிக்கிற அக்கா மகன், பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்து ஸ்டோரில், அதாவது காய் உலர்த்துகிற இடத்தில், வேலை பார்க்கிற நண்பன். ஒரு ஆள் 300 எடை வரை தூக்கலாம். அதற்கு மேல் ஒன்று கூடினாலும் ஓட முடியாது, தெம்பும் வடிந்துகொண்டே போகும். சதுப்பு நிலத்து நிலவறையில் தோண்டி எடுக்கிற பழைய இரும்புத் துண்டு ஒன்றின் எடை 10. முப்பது துண்டோடு கணக்கு முடிந்தது. போட்டிருக்கிற கவசமும் கையில் இருக்கிற கோடாலியும் வேறு அந்த 300-க்குள்தான் வரும்.

போர்ட்டல் என்று ஒன்று உண்டு. இங்கே ஒரு கதவு, அங்கே ஒரு கதவு, இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் கண் மூடித் திறப்பதற்குள் அந்தப் பக்கம். ஆனால் செம்பு, வெள்ளீயம், இரும்பு, வெள்ளி எதுவும் அதில் நுழையாது. பையில் ஒரே ஒரு இரும்புத் துண்டு இருந்தாலும் கதவு விடாது. கப்பலில்தான் கொண்டுபோக வேண்டும்.

இதை முதலில் பார்த்தபோது எனக்குக் குரங்கணிப் பக்கத்துப் பழைய கம்பிவடம்தான் ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறு தேயிலை ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் போடி. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பார்கள். அந்தக் காலத்து ஏற்பாட்டில் தேயிலைப் பெட்டி ஆகாயத்தில் போனது, கூலிக்காரர்கள் நடந்தார்கள். ஆட்டத்தில் அப்படியே தலைகீழ். ஆள் நொடியில் போய்விடலாம், சரக்குதான் மெதுவாக வரவேண்டும். செய்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். இரும்பும் கதவு வழியாக வந்துவிட்டால் கப்பல் எதற்கு, துறை எதற்கு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? ஆளைப் பறக்க விட்டது வசதிக்கு. சரக்கைப் பிடித்து நிறுத்தியதால்தான் நடுவில் இருக்கிற கடல் கடலாக இருக்கிறது.

சாப்பாட்டிலும் இதே புத்திசாலித்தனம். இந்த ஆட்டத்தில் பட்டினியால் யாரும் சாக மாட்டார்கள். சாப்பிட்டால் உயிரும் தெம்பும் கூடும், சாப்பிடாவிட்டால் சவலைப் பிள்ளை மாதிரி திரியலாம், அவ்வளவுதான். பசி பசி என்று மணிக்கொரு தரம் நச்சரிக்கிற ஆட்டங்களை நான் பாதியில் அழித்திருக்கிறேன். அந்த நச்சரிப்பைக் கேட்க எனக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

இந்தப் பைத்தியம் தொடங்கியது 2006-இல், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில். ரூன்ஸ்கேப் என்று ஒரு ஆன்லைன் ஆட்டம். எதையும் இறக்க வேண்டாம், பிரௌசரிலேயே ஓடும் என்பதால் எங்கள் ஊருக்கு அதுதான் வாய்த்தது. பையில் 28 இடம். ஒரு நிலக்கரிக் கட்டிக்கும் ஒரு இடம், மார்புக் கவசத்துக்கும் ஒரு இடம். ஆனால் பேங்கில் போய்ச் சீட்டாக மாற்றிக்கொண்டால் ஆயிரம் நிலக்கரியும் ஒரே இடத்தில் அடங்கும், எடையே கிடையாது. அபத்தம்தான். ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது. கடையில் சரக்குச் சீட்டைப் பார்த்தே வளர்ந்தவனுக்குக் காகிதம் கைமாறினால் சரக்கு கைமாறியது மாதிரிதான்.

அப்போது எதையாவது விற்க வேண்டும் என்றால் வாராக் ஊர் பேங்க் வாசலில் நின்று கூவ வேண்டும். திரை முழுக்க எழுத்து ஓடும். அங்கேதான் ஒருத்தன் விலை கூடிய ரூன் கவசத்தைக் காட்டிவிட்டு, கடைசி நொடியில் மலிவான மித்ரில் கவசத்தை வைத்து ஏமாற்றினான். இரண்டும் நீலம். ‘சம்மதமா’ என்று மறுபடி கேட்கிற இரண்டாவது திரையைச் சரியாகப் பார்க்காமல் அழுத்தியது நான்தான். மூன்று வாரச் சேமிப்பு போனது, சென்டருக்கு மணிக்கு இருபது ரூபாய் கொடுத்தது தனி. 2007 நவம்பரில் ஆட்டத்துக்குள்ளேயே கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்கிற சந்தை வந்தது. பொருளையும் விலையையும் போட்டுவிட்டுப் போகலாம், வாங்குகிறவன் முகத்தையே பார்க்க வேண்டாம். ஏமாற்று குறைந்தது, கூவலும் நின்றது. முன்னே பின்னே அதே காலத்தில்தான் எங்கள் ஊர் ஏலக்காய் ஏலத்திலும் வாயால் கேட்பது போய்க் கம்ப்யூட்டர் வந்தது. ஆனால் அங்கே ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் மாதிரிக் காய் இன்றைக்கும் கைக்கு வரும். நிறம் பார்த்து, மோந்து பார்த்து, ஒன்றை உடைத்து அரி பார்த்துவிட்டுத்தான் விலை போடுவார்கள். ரூன்ஸ்கேப்காரர்கள் அந்த மாதிரி ஏதாவது ஒன்றை மிச்சம் வைத்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் ஒரு குறை உண்டு. பேங்க் வாசலில் நின்று வெட்டிக்கதை பேசிய பாதிப் பேரை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் எவர்குவெஸ்ட் என்கிற ஆட்டம். 1999-இல் வந்தது. நான் ஆடியதில்லை, படித்ததுதான். அந்தக் காலத்தில் அதில் காசுக்கும் எடை இருந்தது. மனித இனமாகப் பிறந்தால் ராத்திரியில் கண் தெரியாது. செத்தால் கவசம், கத்தி எல்லாம் பிணத்தோடு கிடக்கும், வெறும் ஆளாக ஓடிப்போய் எடுக்க வேண்டும். அது நிஜம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த கண்டத்துக்குப் போகக் கப்பல் வரும்வரை துறையில் சும்மா நிற்பது எனக்கு ஒத்துவராது. நிஜத்தில் போதுமான அளவு பஸ்ஸுக்கு நின்றாயிற்று.

சரி, இரும்புக்கு வருகிறேன்.

மூன்று சனிக்கிழமை தோண்டி 120 துண்டு சேர்த்திருந்தோம். லாங்ஷிப் என்கிற பெரிய கப்பலில் 18 இடம், அதில் நாலு இடம் நிறைந்தது. விடியட்டும் என்றேன் நான். மருமகன் கேட்கவில்லை. “காத்து நமக்குப் பின்னாடிதான் அடிக்குது மாமா, இப்பவே போயிருவோம்” என்று சுக்கானைப் பிடித்துவிட்டான். பாதிக் கடலில் காற்று திரும்பியது, மழை பிடித்தது, அலை கப்பலைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பாயைச் சுருட்டித் துடுப்பில் நகர்ந்துகொண்டிருந்தோம். அப்போது வலது பக்கம் கறுப்பாக ஒரு வளைவு எழுந்து அமிழ்ந்தது. கடல் பாம்பு. நண்பன் வில்லை எடுத்தான், அலையில் குறி நிற்கவில்லை. நான் ஹெட்செட்டில் “கரைக்கு விடு, கரைக்கு விடு” என்று கத்தியதில் பக்கத்து அறையில் இருமல் சத்தம் கேட்டது. நாலாவது அடியில் கப்பல் சிதறியது. கரை ஒரு கல்லெறி தூரம்.

கப்பல் உடைந்தாலும் அதிலிருந்த சரக்கு பெட்டியாக மிதக்கும். பாம்பு ஒரு பக்கம் சுற்ற, தடவைக்கு முப்பது துண்டாக எடுத்துக் கரைக்கு நீந்தினோம். மருமகன் ஒரு தடவை முழுகிச் செத்தான். எல்லாம் கரையேறி, 120-உம் இருக்கிறதா என்று நான் எண்ணி முடித்தபோது மணி இரண்டு. எனக்கு அந்த மாதம் அவ்வளவு சந்தோஷமாக வேறு எந்த நாளும் போகவில்லை.

மறுநாள் நண்பன் போன் செய்தான். 2023-இல் இந்த ஆட்டத்தில் ஒரு வசதி வந்திருந்தது. உலகத்தைத் தொடங்கும்போதே ஒரு தேர்வை மாற்றிவிட்டால் போர்ட்டலில் எல்லாமே நுழையும். அதைப் போட்டுவிடலாம் என்றான். அப்படிச் செய்தால் ஆட்டமே இல்லை என்று நான் ஆரம்பித்தேன். அவன் நடுவில் நிறுத்தினான்.

“பங்காளி, பகல் பூரா ஸ்டோர்ல பச்சைக்காய் மூட்டை ஏத்தி இறக்குறேன். ராத்திரி உக்காந்து இங்கயும் மூட்டையா? நீ எடை எழுதுற ஆளு, உனக்குச் சுமை விளையாட்டா இருக்கு.”

அப்பத்தா கேட்டதும் இதையேதான் என்று அப்போதுதான் உறைத்தது. மலையடிவாரத்து முந்தலில் விடிகாலை ஐந்து மணிக்குப் போய் நின்று பாருங்கள். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறப் போகும். உள்ளே தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிற பெண்களில் ஒருத்தியிடம் போய், நடந்து ஏறினால்தான் மலையின் அருமை தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் அந்த ராத்திரியை விட்டுக்கொடுக்கவும் மனசு இல்லை. யோசித்துப் பார்த்ததில், முதல் பயணத்தில் நாங்கள் எத்தனை முடிவு எடுத்தோம்! இப்போதா விடிந்தா, எல்லாம் ஒரே கப்பலிலா இரண்டாகப் பிரித்தா, எந்தக் கரையை ஒட்டிப் போவது. அதே தடத்தில் பத்தாவது தடவை போகும்போது ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விடுவதுதான் மிச்சம். அது நிஜமும் இல்லை, விளையாட்டும் இல்லை.

இரண்டு வாரம் இழுத்துப் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். புதிதாக ஒரு சதுப்பு நிலம் கண்டுபிடித்தால் அங்கிருந்து முதல் சுமை கப்பலில்தான் வரவேண்டும். அது பத்திரமாக வந்து சேர்ந்தபின் அந்த இடத்துக்கு மட்டும் கதவு திறக்கலாம். உலகம் மருமகனின் லேப்டாப்பில் ஓடுவதால் தேர்வை மாற்றுவது அவன் பொறுப்பு. நண்பன் கப்பலில் சுமை தூக்க மாட்டான், வில்லோடு முன்னால் நிற்பான். தூக்குவது நான். இது அவன் போட்ட நிபந்தனை.

போன மாதம் கிழக்கே புதிதாக ஒரு சதுப்பு நிலம் அகப்பட்டது. கொஞ்சம் தோண்டி அங்கேயே பெட்டியில் வைத்துவிட்டு வந்தோம், அடுத்த சனிக்கிழமை கப்பல். எனக்கு ஒரு பழக்கம், எல்லா இருப்பையும் நோட்டில் எழுதி வைப்பேன். கடைப் புத்தி. சனிக்கிழமை வந்து எங்கள் ஊர்ப் பெட்டியைத் திறந்தேன். நோட்டில் 42. பெட்டியில் 72.

சரியாக முப்பது. ஒரு ஆள் சுமை.

“மாப்ள, இரும்பு கூடியிருக்கே?”

ஹெட்செட்டில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நண்பன் சிரிப்பை அடக்குவது மட்டும் கேட்டது.

“ஈரமா இருக்கும் மாமா,” என்றான் மருமகன். “காயவெச்சு எடை போட்டுப் பாருங்க.”