பேஸ் கிட்டாருக்கு ஒரு சிறிய கம்ப்ரஸர்

இன்றைய ஒத்திகையில் ஈ கம்பியை மீட்டியபோது அறையே அதிர்ந்தது. ஜி கம்பிக்குத் தாவியதும் ஸ்வரம் டிரம்ஸுக்கு அடியில் காணாமல் போனது.

இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்ய, உரத்த ஸ்வரங்களை அழுத்தி ஒலியளவைச் சீராக்கும் கம்ப்ரஸர் பெடல் ஒன்று வேண்டும். காலால் இயக்கும் பெடல்களை அடுக்கிவைத்திருக்கும் பெடல்போர்டில் உள்ளங்கை அகல இடமே மிச்சமிருப்பதால், சிறிய கம்ப்ரஸர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒற்றைக் குமிழ் பெடல்களின் எளிமை ஆசை காட்டுகிறது. ஆனாலும் நான் முதலில் தேடுவது பிளெண்ட் குமிழைத்தான். அழுத்தப்பட்ட ஒலியோடு கிட்டாரின் அசல் ஒலியையும் கலக்க முடிந்தால், விரல் கம்பியைத் தொடும் அந்த முதல் அடி மழுங்காமல் பிழைக்கும்.

அட்டாக்கை, அதாவது ஒலி உரத்ததும் கம்ப்ரஸர் அழுத்தத் தொடங்கும் வேகத்தை, மிக அதிகமாக வைத்தாலும் அந்த அடிதான் முதலில் பலியாகும்.

ரிலீஸ், அதாவது அந்த அழுத்தத்தை விடுவிக்கும் வேகம், இன்னும் நுட்பமான விஷயம். நான்கு கம்பி பேஸின் தாழ்ந்த ஈ சுமார் 41 ஹெர்ட்ஸ், அதாவது ஓர் அலை முடியவே ஏறத்தாழ 24 மில்லிசெகண்ட் ஆகும் என்பதால், அதைவிட விரைவாக விடுவிக்கும் கம்ப்ரஸர் ஸ்வரத்தின் அளவை விட்டுவிட்டு அலையின் ஏற்ற இறக்கத்தையே துரத்தத் தொடங்கி, ஒலியைக் கரகரப்பாக்கிவிடும். கிட்டாருக்கு நன்றாக இருக்கும் பெடல் பேஸில் சொதப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் விளக்குகள் இருந்தால் நல்லது. பேட்டரிக்கு இத்தனை சிறிய பெட்டியில் பெரும்பாலும் இடமிருக்காது. அது எனக்குப் பொருட்டில்லை.

சோதிக்கும்போது பெடலை இயக்கினாலும் அணைத்தாலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி லெவல் குமிழைத் திருத்திக்கொள்கிறேன், ஏனெனில் சற்று உரக்க ஒலிப்பதையே சிறந்ததென்று காது நம்பிவிடுகிறது.