அனனியா எதற்காக விழுந்தான்?

காணிக்கை எடுப்பதற்கு முன் அனனியா, சப்பீராள் கதையைச் சொல்லிப் பயமுறுத்தும் பிரசங்கத்தைக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஆதிச்சபையில் நிலத்தை விற்றுப் பணம் கொண்டுவந்து, இயேசுவின் சீடரான பேதுருவின் முன் விழுந்து செத்த புருஷனும் மனைவியும் இவர்கள். புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நடபடிகள் 5-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். விற்பதற்கு முன் நிலம் உன்னுடையது, விற்ற பிறகும் பணம் உன் வசத்தில்தான் இருந்தது என்று பேதுருவே சொல்லிவிடுகிறார். ஒன்றுமே கொடுக்காமல் போயிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டதுதான் வினை.

அதற்குச் சற்று முன்புதான் பர்னபா என்ற விசுவாசி நிலத்தை விற்று, பணத்தை அப்போஸ்தலரின் பாதத்தில் வைக்கிறார். அந்த நல்ல பெயர் இவர்களுக்கும் வேண்டியிருந்தது, ஆனால் முழு விலை கொடுக்க மனசில்லை. நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

சப்பீராளுக்கு ஒரு வாய்ப்பும் கிடைக்கிறது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து வருகிறாள், புருஷன் செத்தது தெரியாது. இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள் என்று பேதுரு கேட்கிறார். 'இல்லை ஐயா' என்றிருந்தால் போதும். ஆம் என்றாள்.

இப்படிக் காட்டிக்கொள்வது காணிக்கையில் மட்டுமில்லை. சபையில் ஒருவர் சாட்சி சொல்ல எழுந்து, "இப்பல்லாம் எனக்குக் கோபமே வர்றதில்ல, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றால், நான் அவரைப் பார்ப்பதில்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவியின் முகத்தைத்தான் பார்ப்பேன்.