14 வயசுல 6 அடி: புதுசா வந்த பையனை எப்படி எடை போட்டோம்

இந்த வருஷம் கோடை கேம்ப்ல எங்க கிளப்புக்கு ஒரு பையன் வந்தான், வயசு 14, உயரம் கிட்டத்தட்ட 6 அடி, அதுவரைக்கும் ஸ்கூல்ல கொஞ்சம் வாலிபால் ஆடுனதோட சரி, பேஸ்கட்பால் கையில எடுத்ததே கேம்ப்லதான். கேம்ப் முடியும்போது மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு "இவனைப் பாத்து நீயே எழுதிக் குடுப்பா"ன்னு சொல்லிட்டாரு. 16 வயசு டீம்ல சேக்கலாமா, சேத்தா எந்த இடத்துல ஆட விடுறது, பின்னாடி விளையாட்டு விடுதி செலக்ஷனுக்கு அனுப்புற அளவுக்கு வருவானா, இந்த மூணுக்கும் பதில் வேணும். ஜூனியர் பசங்களை நான்தான் சாயங்காலம் பாத்துக்கிறேன்ங்கிறதால என்கிட்ட வந்துச்சு. எப்படிப் பாத்தேன்னு முழுசா எழுதுறேன், பி.டி. சார்கள் யாராவது இதே நிலைமைல இருந்தா உபயோகப்படும்.

எங்களுக்கு தேனி பக்கம். மே மாசம் பெரியகுளத்துல அகில இந்தியப் போட்டி நடக்கும், இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., ஆர்மி டீமெல்லாம் வந்து ஆடுறதைப் பாத்தே வளர்ந்த ஊருக. அதனால உயரமா ஒரு பையன் கிரவுண்டுக்குள்ள வந்தாலே எல்லாருக்கும் ஒரே நினைப்புதான், ரிங்குக்குக் கீழ நிறுத்து, பந்தை மேல தூக்கிப் போடு, அவன் போட்டுக்குவான். இந்தப் பையனையும் முதல் வாரத்துலயே "நம்ம போஸ்ட் பிளேயர்"னு பேர் வச்சுட்டாங்க.

நான் முதல்ல பாத்தது அந்த உயரத்தைத்தான், ஆனா எவ்வளவுன்னு இல்ல, இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு. செவுத்துல நிக்க வச்சு அளந்தா 181 செ.மீ. ரெண்டு கையையும் விரிச்சா 189, அதாவது உயரத்தை விட 8 செ.மீ. கூட, இது ரொம்ப நல்ல விஷயம், டிஃபன்ஸ்ல கை நீளம்தான் பேசும். அப்புறம் அவங்க அப்பா அம்மா உயரம் கேட்டேன். டாக்டருங்க போடுற ஒரு கணக்கு இருக்கு, ஆம்பளைப் பையனா இருந்தா அப்பா உயரம் அம்மா உயரம் ரெண்டையும் கூட்டி அதோட 13 செ.மீ. சேத்து ரெண்டால வகுக்கணும், வர்றதுல இருந்து மேலயும் கீழயும் ஒரு எட்டரை செ.மீ. வரைக்கும் தள்ளிப் போகலாம். அப்பா 173, அம்மா 165. கணக்குக்கு 175.5 வருது, மேல போனா 184. பையன் இப்பவே 181ல நிக்கிறான்.

கணக்கு மட்டும் வச்சு ஒருத்தனோட விதியை எழுதக்கூடாது இல்லையா, அதனால வேற அடையாளமும் தேடுனேன். குரல் முழுசா உடைஞ்சிருச்சு, மீசை நல்லா கருத்திருச்சு. ஒரு நாள் பழைய ஸ்கூல் பேன்ட்டோட வந்திருந்தான், கீழ பாத்தா மடிப்பைப் பிரிச்சு விட்ட கோடு ரெண்டு தெரியுது, துணி அந்த இடத்துல மட்டும் நெறம் மங்காம பளிச்சுன்னு இருக்கு. எப்பப்பா பிரிச்சதுன்னு கேட்டேன், "ரெண்டும் ஏழாப்பு படிக்கையிலண்ணே, அதுக்கப்புறம் அம்மா பிரிக்கல, பத்துது"ன்னான். ஷூ சைஸும் ஒன்றரை வருஷமா அதேதான். பொதுவா பசங்க வேகமா வளர்றது 13, 14 வயசை ஒட்டி, இவன் 12லயே அந்த ஓட்டத்தை ஓடி முடிச்சிட்டான். வயசுல 14னாலும் உடம்பு கிட்டத்தட்ட பெரிய ஆளோட உடம்பு. இன்னும் ரெண்டு மூணு செ.மீ. வளர்ந்து 6 அடியைத் தாண்டி நின்னுடுவான்னுதான் எனக்குப் படுது.

இதுல என்ன இருக்குன்னா, 16 வயசு டீம்ல 6 அடி இருந்தா சென்டர், அதாவது ரிங்குக்குக் கீழ நிக்கிற ஆள், சீனியர்ல 6 அடி இருந்தா கார்டு, அதாவது வெளிய நின்னு பந்தைக் கொண்டு போற ஆள். இப்ப ரெண்டு வருஷம் இவனை ரிங்குக்குக் கீழயே நிறுத்தி ரீபவுண்டு, அதாவது தப்பித் திரும்பி வர்ற பந்தை மட்டும் எடுக்க வச்சா, 18 வயசுல மத்த பசங்க எல்லாம் இவன் உயரத்துக்கு வந்துருவாங்க, இவனுக்குப் பந்தைத் தட்டிக்கிட்டு ஓடுற டிரிப்ளிங்கும் தெரியாது, வெளிய இருந்து ஷாட்டும் வராது, அத்தோட ஆட்டம் முடிஞ்சுது. இப்படி காணாமப் போன பசங்களை நம்ம ஊர் கிரவுண்டுகள்ல எத்தனை பேரைப் பாத்திருப்போம், யோசிச்சாலே வயிறு எரியுது. சத்னாம் சிங் 7 அடி 2 அங்குலம், 2015ல டல்லாஸ் மேவரிக்ஸ் 52வது ஆளா எடுத்தாங்க, இந்தியாவுல பிறந்து என்.பி.ஏ. (அமெரிக்க பேஸ்கட்பால் லீக்) டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க புது ஆளுகளை வரிசையா எடுக்குற தேர்வுல போன முதல் ஆள், நமக்கெல்லாம் எவ்வளவு பெருமை, ஆனா அவருக்கே ஒரு ரெகுலர் சீசன் மேட்ச் கிடைக்கல. மேல போகப் போக உயரம் எல்லாருக்கும் இருக்கும்.

ஒருவேளை கணக்கு தப்பி பையன் ஆறரை அடிக்குப் போனா? போகட்டுமே, கார்டா கத்துக்கிட்டதுல ஒரு நஷ்டமும் இல்ல. என்.பி.ஏ. ஸ்டார் ஆன்டனி டேவிஸ் ஹை ஸ்கூல்ல 6 அடி 2 அங்குலம் இருந்தப்ப கார்டாதான் ஆடுனார், அப்புறம் மளமளன்னு வளர்ந்து 6 அடி 10 போனாரு, 2012 டிராஃப்ட்ல முதல் ஆளா எடுத்தாங்க, அவ்வளவு உயரத்துக்கு பந்தை அப்படிக் கையாள்றார்னா அந்தச் சின்ன வயசுப் பழக்கம்தான்.

அடுத்து ஆட்டம். இங்க நான் ஷாட் எத்தனை விழுதுன்னு எண்ணவே இல்ல, பந்தைத் தொட்டு சில வாரம் ஆன பையன்கிட்ட அதை எண்ணி என்ன செய்ய. பந்தை எப்படிப் பிடிக்கிறான்னு பாத்தேன். வேகமா ஒரு செஸ்ட் பாஸ் குடுத்தா சில பசங்க உள்ளங்கையில டொப்புன்னு வாங்குவாங்க, இவன் விரல்லயே வாங்குறான், சத்தமே இல்ல, வாலிபால் ஆடுன கைங்கிறதாலயோ என்னமோ. கால்தான் மோசம், ஓடி வந்து பந்தை வாங்குனா நிக்கத் தெரியல, நாலு தடவைக்கு ஒரு தடவை டிராவலிங், பந்தைத் தட்டாம கூடுதலா அடி வச்சுடுறான். டிஃபன்ஸ்ல பக்கவாட்டுல நகரும்போது காலைக் குறுக்க வைக்கிறான். டிரிப்ளிங்ல கண்ணு பந்தை விட்டு எழும்ப மாட்டேங்குது, இடது கை சுத்தமா இல்ல. இதெல்லாம் சொல்லிக் குடுத்தா சரியாகுற விஷயம், அதனால எழுதிக்கிட்டேனே தவிர மார்க் குறைக்கல.

ஃப்ரீ த்ரோவுல, அதாவது கோட்டுல நின்னு யாரும் தடுக்காம போடுற ஷாட்ல மட்டும், தப்புனது எங்க போகுதுன்னு குறிச்சேன். இடது வலதுன்னு சிதறுனா முழங்கை, மணிக்கட்டுல கோளாறு. நேரா போய் முன் ரிங்ல பட்டு விழுந்தா அது பலத்துல குறை, இல்லன்னா களைப்பு. இவனுக்குப் பெரும்பாலும் நேராதான் போகுது, ஓடவிட்டு மூச்சு வாங்குறப்ப போடச் சொன்னா குட்டையா விழுது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு நம்பிக்கை வந்துச்சு, ஷாட் நேரா போற பையனுக்கு தூரத்தைப் பின்னாடி சேத்துக்கலாம்.

இன்னொண்ணு ரெண்டாவது குதி. முதல்ல எவ்வளவு உயரம் குதிக்கிறான்னுதான் எல்லாரும் பாப்பாங்க. ரீபவுண்டுக்கு ஒரு தடவை குதிச்சு, பந்து விரல்ல பட்டு நழுவி, கீழ வந்த உடனே அடுத்தவன் சுதாரிக்கிறதுக்குள்ள மறுபடி எகிறுறானா, அதைப் பாருங்க. இவன் கால் தரையில படுதா இல்லையான்னே தெரியல, திரும்ப மேல இருக்கான். அந்த நேரத்துல மாஸ்டரும் பக்கத்துல நின்னாரு, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

என்னைக் கேட்டா எல்லாத்தையும் விட முக்கியமான சோதனை இதுதான். ஒரு திங்கக்கிழமை அவன்கிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்லிக் குடுத்தேன், ஷாட் போன உடனே பந்தைப் பாக்காம உன் ஆளைத் தேடி முதுகைக் குடுத்து பாக்ஸ் அவுட் பண்ணு, அப்புறம் பந்துக்குப் போ. பத்து நிமிஷம் செஞ்சு காட்டுனேன், அதோட அந்தப் பேச்சையே எடுக்கல. வியாழக்கிழமை மேட்ச் ஆட விட்டு நோட்டோட ஓரமா உக்காந்துட்டேன். முதல் சில ஷாட்டுக்கு மறந்துட்டான், அப்புறம் அவனுக்கே ஞாபகம் வந்து ஆளைத் தேட ஆரம்பிச்சான், கடைசிப் பத்து நிமிஷத்துல கிட்டத்தட்ட ஒவ்வொரு ஷாட்டுக்கும் முதுகைக் குடுத்தான். யாரும் கத்தல, யாரும் ஞாபகப்படுத்தல. திறமைன்னு நான் சொல்றது இதைத்தான், இன்னைக்கு அவன்கிட்ட என்ன இருக்குங்கிறதை விட நேத்து இல்லாதது இன்னைக்கு எவ்வளவு சீக்கிரம் வந்துச்சுங்கிறதுதான்.

அந்த நோட்டுல பாயிண்ட் எழுத இடமே விடல. பந்துல கை வச்சுத் தட்டி விட்டது, பாக்ஸ் அவுட், பந்து போன உடனே திரும்பி ஓடி வந்தது, காலியா நிக்கிறவனுக்குப் பாஸ் குடுத்தது, இந்த நாலுக்கும் கோடு போட்டேன். வெளிய உக்கார வச்சப்ப என்ன செய்றான்னும் பாத்தேன், தண்ணி குடிச்சிட்டு போன் நோண்டாம ஆட்டத்தையே பாத்துட்டு இருந்தான், நடுவுல ஒரு கார்டு பையன்கிட்ட "ஏன்டா இப்ப அந்தப் பக்கம் போன"ன்னு கேக்குறான். கேள்வி கேக்குற பையன் கிடைக்கிறது கஷ்டம்.

பக்கத்து ஊர் டீமோட ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச் ஆடுனோம், அதுல ரொம்ப சுமாரா ஆடுனான், நாலு பாயிண்ட்டோ என்னமோ. உடனே ரெண்டு மூணு பேர் "இவ்வளவுதானா"ன்னு ஆரம்பிச்சாங்க. பிரான்ஸ்ல இருந்து என்.பி.ஏ.க்குப் போன விக்டர் வெம்பன்யாமாவையே எடுத்துக்கங்க, 2023 ஜூலைல சீசனுக்கு முன்னாடி நடக்குற சம்மர் லீக்ல முதல் மேட்ச்ல 13 ஷாட்ல ரெண்டுதான் போட்டாரு, மொத்தம் 9 பாயிண்ட், உலகமே கேலி பண்ணுச்சு. ஆனா அதே மேட்ச்ல 5 பிளாக் இருந்துச்சு, எதிராளி ஷாட்டை அஞ்சு தடவை தட்டி விட்டாரு. அடுத்த மேட்ச்ல 27 பாயிண்ட், 12 ரீபவுண்டு, அந்த சீசன் முடியும்போது ஒரு மேட்ச்சுக்கு சராசரி 3.6 பிளாக்கோட லீக்லயே முதல் இடம், சிறந்த புதுமுகத்துக்கான ரூக்கி ஆஃப் தி இயரும் அவர்தான். ஷாட் ஒரு நாள் விழும் ஒரு நாள் விழாது, ஆட்டத்தைப் படிக்கிற கண்ணு முதல் நாளே தெரிஞ்சிரும். எங்க பையனும் அந்த மேட்ச்ல திரும்பி ஓடி வந்ததுக்கு என் நோட்டுல கோடு நிறைய இருக்கு.

நடுவுல ஒரு முழங்கால் வலி வந்துச்சு, முட்டிக்குக் கீழ எலும்பு லேசா துருத்திட்டு இருந்துச்சு. வளர்ற வயசுப் பசங்களுக்கு ஓட்டமும் குதியும் அதிகமானா வர்றதுதான், ஆனா நாமளே முடிவு பண்ணக்கூடாதுன்னு எலும்பு டாக்டர்கிட்ட அனுப்பி, குதிக்கிறதைக் கொஞ்ச நாள் குறைச்சோம். அப்பா லோடு வண்டி ஓட்டுறவர், வீட்டுக்குப் போய் பேசுனப்ப அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "படிப்புக்கு இடைஞ்சல் வராதுல்ல சார்?" பரீட்சை நேரத்துல பிராக்டீஸ் குறைச்சுக்கலாம், விடுதி கிடைச்சா தங்குறது சாப்பாடு எல்லாம் அரசாங்கம் பாத்துக்கும்னு எடுத்துச் சொன்னேன். அம்மாதான் முதல்ல சரின்னாங்க.

ரிப்போர்ட்ல நான் எழுதுனது: சேக்கலாம், கண்டிப்பா சேக்கலாம். ஆனா கார்டா வளக்கணும், பிராக்டீஸ் முழுக்க கார்டுகளோட, விடுதி செலக்ஷனுக்கு இந்த வருஷம் அவசரப்பட வேண்டாம், இடது கை வந்த பிறகு போகட்டும். கமிட்டில ஒரே சத்தம். இருக்குற ஒரே உயரமான பையனை வெளிய நிறுத்துனா அடுத்த டோர்னமெண்ட்ல யாரு ரீபவுண்டு எடுக்குறதுன்னு கேட்டாங்க, நியாயமான கேள்விதான். நான் அந்த உயரக் கணக்கைப் போட்டுக் காட்டுனேன், மாஸ்டர் அதை ரெண்டு தடவை வாங்கிப் பாத்துட்டு, "மேட்ச்ல பாதி நேரம் உள்ள, பாதி நேரம் வெளிய, பிராக்டீஸ்ல இவன் சொல்ற மாதிரி"ன்னு முடிச்சு வச்சாரு. எனக்கு அது போதும்.

இப்ப தினமும் முதல் அரை மணி நேரம் இடது கை மட்டும்தான், ஓடி வந்து ரிங் பக்கத்துல போடுற லே-அப், டிரிப்ளிங் எல்லாம். பந்து இன்னும் பறிபோகுது, சின்னப் பசங்க கூட தட்டிட்டு ஓடுறாங்க, பையன் முகம் சுளிக்காம திரும்பி வந்து வரிசைல நிக்கிறான். அரைப்பரீட்சை லீவுல மறுபடி உயரம், கை நீளம், ஃப்ரீ த்ரோ எல்லாம் எடுத்துப் பழைய நோட்டோட ஒப்பிட்டுப் பாக்கணும். அதுக்குள்ளயே 183க்கு மேல போயிருந்தான்னா மாஸ்டர்கிட்ட நானே போய் சொல்லணும், கணக்கை மறுபடி போடலாம்னு.